ஏற்காட்டுக் கடைவீதிக்கு என்ன கருவி வாங்குவது?

கேள்வி: ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் சோளம் வாங்கிக்கொண்டு நின்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அப்படியே சரிந்து விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று நினைத்து யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், உள்ளங்காலைத் தேய்த்தோம். குறட்டை மாதிரி மூச்சு வந்ததால் உயிர் இருக்கிறது என்று நம்பி, வேனில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினோம். பாதி வழியிலேயே போய்விட்டார். அதிலிருந்து மனசே சரியில்லை. வியாபாரிகள் சேர்ந்து 1,75,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஒரு மருத்துவக் கருவி விற்பனையாளர் ஆக்சிஜன் சிலிண்டர், பி.பி. மெஷின், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஸ்ட்ரெச்சர், முதலுதவிப் பெட்டி, மாத்திரைகள் எல்லாம் சேர்த்து ஒரு செட்டாகத் தருகிறேன் என்கிறார். ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவியைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் டாக்டர்தான் தொட வேண்டும், உங்களுக்கு எதற்கு என்கிறார். எதை வாங்குவது? நெஞ்சை அழுத்தப் போய் எலும்பு முறிந்தாலோ, ஆள் இறந்துவிட்டாலோ போலீஸ் கேஸ் ஆகுமா? பலமாக இருமினால் பிழைத்துவிடலாம் என்று வாட்ஸப்பில் வருகிறதே, நிஜமா?

பதில்: அவசர சிகிச்சை மருத்துவர், சேலம்

ஐயா, அந்த செட் வேண்டாம் என்று முதலில் விற்பனையாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு எதற்கு என்று அவர் ஒதுக்கினாரே, அந்தப் பொருள்தான் உங்கள் கடைவீதிக்குத் தேவை. ஆனால் அதற்கும் முன்னால் அதிகம் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் கருவியை மட்டும் வாங்கினால் அது பெட்டிக்குள் தூசி படிந்து கிடக்கும்.

கடிதத்தை வைத்து நோயை உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் வலிப்பு மாதிரி தெரியவில்லை. இதயம் திடீரென்று நின்றுபோனது போலத்தான் தெரிகிறது. மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சை இறுக்குகிறது என்பார், வியர்த்துக் கொட்டும். இதய நிறுத்தத்தில் பெரும்பாலும் இதயத்தின் மின்னோட்டமே தாறுமாறாகிவிடுகிறது. கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும், ரத்தம் வெளியே போகாது, சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாரடைப்பு வந்தவருக்கு அடுத்த கட்டமாக இது வரலாம். மாரடைப்பே இல்லாமலும் வரலாம்.

மூளைக்கு ரத்தம் நின்றதும் சில நொடி கை கால் வெட்டும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று முடிவு கட்டி இரும்பைத் தேடி ஓடுகிறார்கள். (நிஜமான வலிப்புக்கும் சாவிக்கொத்து உதவாது, அது தனிக் கதை.) அப்புறம் நீங்கள் சொன்ன அந்தக் குறட்டை. தாடை கீழே இறங்கும், வாய் திறக்கும், கர்ரென்று ஒரு மூச்சு உள்ளே போகும். பிறகு ஐந்தாறு நொடி ஒன்றுமே இருக்காது. மறுபடி ஒன்று. நெஞ்சைப் பார்த்தால் ஒழுங்காக ஏறி இறங்காது. அது மூச்சு இல்லை. இதயம் நின்றபின் மூளைத்தண்டு கடைசியாகக் கிளப்பும் அசைவு. இதைக் கேட்டு, உயிர் இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவதுதான் எங்கும் நடக்கிறது. உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். இனிமேல் இந்தச் சத்தம் கேட்டால் உடனே அழுத்த ஆரம்பியுங்கள்.

கணக்கு இதுதான். இதயம் நின்றபின் யாரும் ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கிவிடும். நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகிறது. இதை உங்கள் ஊர்ச் சாலையோடு சேர்த்துப் பாருங்கள். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. 108 எவ்வளவு வேகமாக வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை நெரிசலில், மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில், முதல் ஐந்து நிமிடத்துக்குள் வருவது கஷ்டம். அந்த ஐந்து நிமிடம் உங்கள் கடைவீதியின் கையில்தான் இருக்கிறது. நினைவில்லாதவரை வேனில் போட்டு வளைவுகளில் இறக்கும்போது ஒருவராலும் ஒழுங்காக நெஞ்சை அழுத்த முடியாது. வண்டி திரும்புகிற திரும்பலில் பிடித்துக்கொண்டு உட்காரவே சரியாக இருக்கும். அதனால் விழுந்தவரை விழுந்த இடத்திலேயே, கெட்டியான தரையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எப்படி? தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியில்லை. அவ்வளவு தெரிந்தால் போதும், நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம்; பதற்றத்தில் எங்களுக்கே சில சமயம் நாடி கிடைக்காது. கூட்டத்தைப் பார்த்து “யாராவது 108 கூப்பிடுங்க” என்று கத்தினால் எல்லாரும் அடுத்தவர் கூப்பிடுவார் என்று நிற்பார்கள். “அண்ணா, நீலச் சட்டை, நீங்க 108 போடுங்க. தம்பி, நீ ஓடிப்போய் மெஷின் எடுத்துட்டு வா” என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, எந்தக் கடைக்கு எதிரில் என்று அடையாளம் சொல்லுங்கள்.

அழுத்துகிறவர் பக்கத்தில் மண்டியிட வேண்டும். நெஞ்சுக்கு நடுவில், மார்பெலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மறு கை. முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேர் மேலே இருக்க, உடம்பின் பாரத்தை இறக்கி 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மேல் போகாமல் அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடுங்கள். அப்போதுதான் இதயத்துக்குள் மறுபடி ரத்தம் நிரம்பும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. சரியாகச் செய்தால் இரண்டு நிமிடத்தில் நல்ல தெம்பான ஆளுக்கே மூச்சு வாங்கும். அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்தவர் அழுத்துவது அவருக்கே தெரியாமல் மேலோட்டமாகிவிடும். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமே என்று தயங்குகிறவர்கள் நிறைய. பெரியவர் கண்ணெதிரே விழுந்தால் அழுத்தினாலே போதும், ரத்தத்தில் சில நிமிடத்துக்கான ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-ல் பொதுமக்களுக்காக வெளியிட்ட வழிமுறையும் அழுத்துவதை மட்டும் வைத்து அமைந்ததுதான்.

ஆக்சிஜன் சிலிண்டரை வேண்டாம் என்பதும் இதனால்தான். மோட்டார் ஓடாதபோது கிணற்றில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வயலுக்குப் போகாது. சிலிண்டரை உருட்டி வந்து, சாவி தேடி, மாஸ்க் மாட்டுவதற்குள் போவது பொன்னான நேரம். தவிர அதை யார் நிரப்பி வைப்பது? ஆறு மாதம் கழித்துத் திறந்தால் காலியாக இருக்கும். பி.பி. மெஷினும் ஆக்சிமீட்டரும் இதைவிட மோசம்: இதயம் நின்றவருக்கு மாட்டினால் ‘எரர்’ காட்டும், மெஷின் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை மாட்டிப் பார்ப்பார்கள். ஸ்ட்ரெச்சர் மடக்கக்கூடியதாக ஒன்று இருக்கட்டும். கட்டுத்துணி, பஞ்சு எல்லாம் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஏ.இ.டி.க்கு வருவோம். நடுங்கும் இதயத்தை மறுபடி ஒழுங்காகத் துடிக்க வைக்க ஷாக் ஒன்றுதான் வழி. இந்தக் கருவி டாக்டர் இல்லாதவர்களுக்காகவே செய்யப்பட்டது. திறந்ததும் பேச ஆரம்பிக்கும். இரண்டு ஒட்டுப்பட்டைகளில் ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாவில் ஒட்ட வேண்டும். பட்டையிலேயே படம் இருக்கும். கருவியே இதயத்தின் மின்னோட்டத்தைப் படித்து ஷாக் தேவையா என்று தீர்மானிக்கும். தேவையில்லை என்றால் நீங்கள் எத்தனை தடவை பட்டனை அமுக்கினாலும் கொடுக்காது. தப்பாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயமே வேண்டாம். ஷாக் போகும் நொடியில் யாரும் அவரைத் தொடாமல் இருந்தால் சரி. ஷாக் போனதும் என்ன ஆச்சு என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் அடுத்த நொடியே அழுத்தத் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து அதுவே மறுபடி பரிசோதிக்கும்.

இது எந்த அளவுக்கு உதவும் என்று கேட்டால் எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்கச் சூதாட்ட விடுதிகள். அங்கே காவலாளிகளுக்கு இந்தக் கருவியில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2000-ல் வெளியானது. கண்ணெதிரே விழுந்து, இதயம் இப்படி நடுங்கிக்கொண்டிருந்தவர்களில், 3 நிமிடத்துக்குள் முதல் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். 3 நிமிடம் தாண்டியவர்களில் அது 49 சதவீதம். கருவியை இயக்கியவர்கள் காவலாளிகள், ஒரு டாக்டரும் இல்லை. உங்கள் விற்பனையாளருக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்போதைய விலைக்கு ஏ.இ.டி. மாடலைப் பொறுத்து ஒரு லட்சத்துக்கு முன்பின் வரும். வாங்கும்போது சிலதைக் கறாராகக் கேளுங்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் இருக்கிறதா? குரல் தமிழில் பேசுமா? இல்லை என்றால் மூடியின் உள்பக்கம் தமிழில் நாலு வரி எழுதி ஒட்டுங்கள். ஒட்டுப்பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. அவற்றின் விலையை இப்போதே எழுத்தில் வாங்குங்கள், ஏமாறுவது அங்கேதான். வாங்கும்போதே இரண்டு ஜோடிப் பட்டை வாங்கிவிடுங்கள். உங்கள் ஊர் மூடுபனிக்கும் மழைக்கும் ஐ.பி. 55 போன்ற ஈரம், தூசி தாங்கும் தரக்குறியீடு உள்ளதாகப் பாருங்கள். குரங்கு திறக்க முடியாத பெட்டி வேண்டும், அதற்காகப் பூட்டிவிடாதீர்கள். பூட்டினால் சாவி வைத்திருப்பவர் அன்றைக்குச் சேலம் போயிருப்பார்.

கருவியோடு ஒரு கத்தரிக்கோல், ஒரு ரேசர், ஒரு துண்டு வையுங்கள். ஏற்காட்டில் இது மிக முக்கியம். வருகிறவர்கள் ஸ்வெட்டர், அதற்குள் சட்டை, அதற்குள் பனியன் என்று அடுக்கிக்கொண்டிருப்பார்கள். கழற்ற முயலாமல் நடுவில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். பெண்ணாக இருந்தாலும் நெஞ்சு வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். சுற்றி நாலு பேர் துப்பட்டாவைப் பிடித்து மறைத்துக்கொள்ளட்டும். வியர்வையைத் துடையுங்கள். முடி அடர்த்தியாக இருந்து பட்டை ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தை மட்டும் மழியுங்கள். ஒட்டாத பட்டையால் ஷாக் சரியாகப் போகாது.

எங்கே வைப்பது? ஒன்பது மணிக்கு ஷட்டர் இறங்கும் கடைக்குள் வேண்டாம். 24 மணி நேரமும் ஆள் இருக்கும் விடுதி வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கண்ணில் படும்படி. உங்கள் விடுதியே சரியாக இருக்கும். அங்கிருந்து ஏரிக்கரைக்கு ஓடிப் பாருங்கள். எடுத்துக்கொண்டு வந்து சேர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் இடத்தை மாற்றுங்கள். வாரம் ஒருநாள் அதன் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளை நியமியுங்கள். சங்கத்துக்கே பொறுப்பு என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான் முதலில் சொன்ன வேலைக்கு வருகிறேன். கருவி வருவதற்கு முன்பே இருபது பேருக்குப் பயிற்சி கொடுங்கள். முதலாளிகளைக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்கத் தெருவில் நிற்பவர்கள் வேண்டும்: சோளம் சுடுகிற அக்கா, மிளகாய் பஜ்ஜி போடுகிறவர், ஆட்டோ, ஜீப் ஓட்டுநர்கள், விடுதிப் பையன்கள், படகு இல்லத்தில் வேலை செய்கிறவர்கள். ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் துறைக்கோ, ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள். மீதிப் பணத்தில் ஒரு பயிற்சி பொம்மை வாங்கிவிட்டால் நீங்களே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழகிக்கொள்ளலாம். பழகாவிட்டால் கை மறந்துவிடும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் அல்ல. ஆனாலும் இந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு நேரடிப் பாதுகாப்பு தருகிறது. விபத்தில்லாத இடத்தில், ஒருவரின் நன்மைக்காக, அவர் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் நல்லெண்ணத்தோடு செய்த உதவியைக் குற்றமாகக் கருதக் கூடாது என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92. எலும்பு விஷயம் நிஜம். விலா எலும்பு பலருக்கும் முறியும், மடக்கென்று சத்தம்கூடக் கேட்கும். கையை எடுக்காதீர்கள். விலா எலும்பு தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒருவேளை இதயம் நிற்காத ஒருவரை அழுத்திவிட்டாலும் பெரிய கேடு வருவது அபூர்வம். அவரே கையைத் தட்டிவிடுவார். டாக்டர்தான் செய்ய வேண்டும் என்பதெல்லாம் பிற்பாடு வந்த பயம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நெஞ்சை அழுத்தும் இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் 1960-ல் எழுதிய முதல் கட்டுரையிலேயே, யார் வேண்டுமானாலும் எங்கும் செய்யலாம், இரண்டு கைகள் போதும் என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார்கள்.

இருமல் வைத்தியம் பொய். இதயம் நின்றவருக்கு நினைவே இருக்காது, எங்கே இருமுவது? ஆஸ்பத்திரியில் மானிட்டரோடு படுத்திருப்பவரை, துடிப்பு மாறும் கணத்தில் டாக்டர் இருமச் சொல்வதுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு யாரோ ஃபார்வேர்டு செய்துவிட்டார்கள். தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால் இருமிக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

செட்டில் மாத்திரைகள் என்று இருந்ததே, அது நினைவோடு இருக்கும் நெஞ்சு வலிக்காரருக்குத்தான். நினைவில்லாதவர் வாயில் மாத்திரையோ தண்ணீரோ சோடாவோ எதுவும் போகக் கூடாது. நினைவோடு இருப்பவரை நடக்க விடாமல் சாய்த்து உட்கார வையுங்கள். 108-ல் பேசுகிறவரிடம் கேட்டுக்கொண்டு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது என்றோ, குடல்புண், ரத்தக்கசிவு என்றோ சொல்லாதவராக இருந்தால், 300 மி.கி. அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை யாரோ வைத்திருந்தார்கள் என்று வாங்கித் தராதீர்கள், பி.பி. தடாலென்று இறங்கிவிடும். இப்படிப்பட்டவரை நேராகச் சேலத்துக்குத்தான் கொண்டுபோவோம் என்று அடம்பிடிக்காமல் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டி இ.சி.ஜி. எடுங்கள். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது போட்டுக்கொண்டு மலையிறங்குவது நல்லது.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம், ஏரியும் மின்னலும். தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கும் குழந்தைகளுக்கும் அழுத்தம் மட்டும் போதாது, மூச்சும் கொடுக்க வேண்டும்: 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மூழ்கியவருக்கு மூச்சிலிருந்தே தொடங்கலாம். இதற்கு ஒரு பாக்கெட் மாஸ்க் வாங்குங்கள், விலை அதிகமில்லை. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எதுவும் வேண்டாம். கோடை மழையில் எஸ்டேட் பக்கம் மின்னல் தாக்கினால், விழுந்தவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நிற்காதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. பலர் விழுந்திருந்தால் கத்துகிறவரை அப்புறம் பார்க்கலாம், அசைவில்லாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். கரண்ட் கம்பியில் அடிபட்டவர் விஷயம் நேர் எதிர். இணைப்பைத் துண்டிக்காமல் கிட்டப் போகவே கூடாது.

எப்போது நிறுத்துவது? 108 ஊழியர்கள் வந்து கையேற்கும்வரை, அல்லது அவர் கை கால் அசைத்துச் சரியாக மூச்சு விடும்வரை, அல்லது உங்களில் ஒருவருக்கும் தெம்பில்லாமல் போகும்வரை. மூச்சு திரும்பினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பட்டையைப் பிய்க்காதீர்கள், கருவியை அணைக்காதீர்கள், மறுபடி நிற்கலாம். அவர் விழுந்த நேரத்தையும் எத்தனை ஷாக் கொடுத்தீர்கள் என்பதையும் ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லுங்கள். கருவி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும். மருத்துவமனையில் கேட்டால் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஒட்டிய பட்டையை மறுபடி பயன்படுத்த முடியாது. உபரி ஜோடியை அன்றைக்கே மாட்டிவிட்டு, புதுசுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.